மேட்ச் நடக்கும் இரவில் ஸ்டாண்ட்-அப் மேடை: ஷூர் எஸ்.எம்.58 மைக் தாங்குமா?

சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே. ஆடும் நாளில், ஒரு கஃபேயின் மாடியில் 60 நாற்காலி போட்டு ஸ்டாண்ட்-அப் ஷோ. கீழே டீக்கடை டி.வி., பக்கத்து அறையில் பெரிய திரை, மூன்றாம் வரிசையில் மேசைக்கடியில் ஒளித்துப் பார்க்கும் போன். இத்தனைக்கும் நடுவே மேடையில் நிற்பவரின் பேச்சு சொல்லுக்குச் சொல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். பாட்டுக் கச்சேரியில் ஒரு வரி காதில் விழாவிட்டாலும் தாளம் தூக்கிக்கொண்டு போய்விடும். காமெடியில் பஞ்ச் லைனின் கடைசிச் சொல் கேட்கவில்லை என்றால், அதற்கு முன்னால் பேசிய ஒரு நிமிடமும் தண்டம்.

இந்த வேலைக்கு ஷூர் எஸ்.எம்.58 எப்படி? இரைச்சல் மிகுந்த சின்ன அரங்குக்கு, இந்த விலையில் இதைவிட நம்பகமான கைமைக் அரிது. ஆனால் டி.வி.யை மேடையின் பின்சுவரில் மாட்டிவிட்டு, மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, 19ஆவது ஓவரில் உங்கள் மிகச் சிறந்த ஜோக்கை எடுத்துவிட்டால், எந்த மைக்காலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. அதனால் இந்த விமர்சனத்தில் மைக் பாதி, மேட்ச் பாதி.

பெட்டியில் என்ன இருக்கிறது

1966இல் வந்த மாடல். வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. எடை 298 கிராம். டைனமிக் வகை என்பதால் பேட்டரியும் வேண்டாம், மிக்ஸரிலிருந்து (மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) சில மைக்குகளுக்குத் தேவைப்படும் 48 வோல்ட் மின்சாரமும் வேண்டாம். மிக்ஸரில் அந்த 48 வோல்ட் பொத்தான் எல்லாச் சானலுக்கும் பொதுவாக இருந்து, வேறு யாருக்காகவோ அதைப் போட்டிருந்தாலும், ஒழுங்கான எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் (மூன்று முள் வைத்த மைக் கேபிள்) இதற்கு ஒன்றும் ஆகாது.

எஸ்.எம்.58-எல்.சி. பெட்டியில் மைக், ஸ்டாண்டில் மாட்டும் கிளிப், மரை மாற்றும் சின்ன வளையம், ஜிப் வைத்த பை ஆகியவை இருக்கும். கேபிள் இருக்காது. முதன்முறை வாங்குபவர்கள் ஷோ அன்று மாலைதான் இதைக் கவனிக்கிறார்கள். அந்த மரை வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டுகளில் 5/8 அங்குலம், 3/8 அங்குலம் என்று இரண்டு மரை அளவுகள் புழக்கத்தில் உண்டு. வளையம் இல்லாவிட்டால் கிளிப் பாதி மரையில் ஆடிக்கொண்டு நிற்கும்.

சுவிட்ச் வைத்த எஸ்.எம்.58எஸ் என்று ஒரு வகையும் உண்டு. காமெடி மேடைக்கு அதை வாங்காதீர்கள். ஸ்டாண்டிலிருந்து மைக்கை உருவும் வேகத்தில் கட்டைவிரல் சுவிட்சைத் தட்டிவிடும். முதல் வாக்கியம் யாருக்கும் கேட்காது. அணைக்க வேண்டுமென்றால் மிக்ஸரில் அணைத்துக்கொள்ளலாம்.

டி.வி. எந்தச் சுவரில்?

எஸ்.எம்.58 எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும் மைக் அல்ல. கார்டியாய்டு எனப்படும் இதய வடிவில்தான் அது ஒலியை வாங்கும். முன்பக்கம் முழுசாக வாங்கும், பக்கவாட்டில் சுமார் 6 டெசிபல் குறையும், கேபிள் மாட்டும் பின்பக்கத்தில் கிட்டத்தட்டச் செவிடு. மேடையில் நிற்பவர் மைக்கை வாயருகே பிடிக்கும்போது அதன் வால் பார்வையாளர்கள் பக்கம் திரும்பியிருக்கும். சிக்ஸர் போனதும் எழும் கூச்சல் அந்தச் செவிட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. மேட்ச் இரவில் இந்த மைக் எடுபடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மைக்கின் முகமோ பேசுபவரின் வாயையும், அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கிறது. பெரும்பாலான கஃபேகளிலும் பப்களிலும் திரை மாட்டியிருப்பது அதே சுவரில்தான், ஏனென்றால் நாற்காலிகள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் போடப்பட்டிருக்கும். அங்கே கமென்ட்ரி ஓடினால் அது நேராக மைக்கின் வாயில் விழும். அதிலிருந்து மெயின் ஸ்பீக்கருக்குப் போய், உங்கள் குரலோடு சேர்ந்து வெளியே வரும். அரங்கம் உங்களைவிட வர்ணனையாளரைத் தெளிவாகக் கேட்கும். மேடைக்கு மேலே கூரையில் பதித்த ஸ்பீக்கர் இருந்தாலும் இதே கதைதான். மேட்ச் ஒலி அதன் வழியே வந்தால் அந்த ஒரு ஸ்பீக்கரையாவது கழற்றச் சொல்லுங்கள்.

ஷோவுக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். டி.வி.யை மேட்ச் நேரத்து அளவுக்கு ஓடவிட்டு, மைக்கை நீங்கள் நிற்கப் போகும் இடத்தில் பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். மிக்ஸரில் மாட்டிய ஹெட்போனில் கமென்ட்ரியின் சொற்கள் பிரிந்து கேட்டால், டி.வி.யை ஊமையாக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மேடையையே எதிர்ச்சுவருக்கு மாற்றி, திரை பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால் வரும்படி அமையுங்கள். கழுத்தைத் திருப்பி ஸ்கோர் பார்ப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். இருக்கட்டும். கமென்ட்ரி மைக்குக்குள் புகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

3 சென்டிமீட்டர் கணக்கு

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். 3 சென்டிமீட்டரில் பிடித்த மைக்கை 12 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் போய்விட்டது. அதை ஈடுகட்ட சவுண்ட் பார்ப்பவர் மிக்ஸரில் மைக் ஒலியைப் பெருக்கும் கெயினை 12 டெசிபல் ஏற்றுவார். அதோடு சேர்ந்து அறையின் இரைச்சல், டி.வி., மிக்ஸி, பரிமாறுபவரின் தட்டுச் சத்தம் எல்லாமே 12 டெசிபல் ஏறும். அதற்கு முன்பே ஹவ்லிங், அதாவது ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பிப் புகுந்து எழும் ஊளை, வந்துவிடும்.

மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்தில், மோவாய்க்குச் சற்றுக் கீழேயிருந்து 45 பாகை சாய்த்துப் பிடிப்பதுதான் சரி. நேராக வாய்க்கு முன்னால் பிடித்தால் ‘ப’ ஒவ்வொன்றும் வெடிக்கும். இவ்வளவு நெருக்கத்தில் எந்த கார்டியாய்டு மைக்கிலும் கீழ்ச்சுருதி உப்பும். எஸ்.எம்.58இன் வடிவமைப்பிலேயே அடித்தொனி கொஞ்சம் குறைக்கப்பட்டிருப்பதால் அந்த உப்பல் ஓரளவு சமனாகிவிடுகிறது. மிச்சத்துக்கு மிக்ஸரில் ‘லோ கட்’ பொத்தானை அமுக்குங்கள். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தடதடப்பு போய்விடும். மேல் சுருதியில், சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில், இந்த மைக் இயல்பாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ‘ச’, ‘ட’, ‘ற’ தெளிவாக விழுவதற்கு அதுதான் காரணம். இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல் புரிவதற்கு இந்த மெய்யெழுத்துகளே உயிர்.

இந்த மைக்குடன் செய்யும் பெரிய தவறு, பந்துபோன்ற வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. ராப் பாடகர்களைப் பார்த்து வந்த பழக்கம். வலையைப் பொத்தினால் பின்பக்க ஒலி நுழையும் துளைகள் அடைபட்டு, கார்டியாய்டு குணமே போய்விடும். எல்லாப் பக்கமும் ஒலியை வாங்கும் மைக்காக மாறி ஊளையிடும். உடம்பைப் பிடியுங்கள், தலையைத் தொடாதீர்கள்.

கத்திப் பேசத் தேவையில்லை என்பதே இந்த மைக் தரும் சலுகை. மேட்ச் இரவில் கூச்சலோடு போட்டி போட்டுக் கத்துபவரின் குரல் 15 நிமிடத்தில் உடைந்துவிடும், ஜோக்கின் ஏற்ற இறக்கமும் தட்டையாகிவிடும். நெருக்கமாகப் பிடித்து, வீட்டுத் திண்ணையில் பேசுவது போலப் பேசுங்கள். மெதுவாகப் பேசினால் கேட்பவர்கள் சற்று முன்னால் சாய்வார்கள், பக்கத்தில் இருப்பவனை ‘சும்மா இருடா’ என்பார்கள்.

மைக் செட் அண்ணனிடம் சொல்ல வேண்டியவை

வாடகை மைக் செட்டில் எக்கோ பெரும்பாலும் ஏற்கெனவே போட்டிருக்கும். கல்யாண மண்டபத்துப் பழக்கம். வணக்கம் சொல்லிவிட்டு அதை அணைக்கச் சொல்லுங்கள். எக்கோவில் பஞ்ச் லைன் இரண்டு முறை கேட்கும், சிரிப்பு ஒருமுறைகூட வராது.

மெயின் ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று வைப்பதெல்லாம் ஹவ்லிங்கை வீட்டுக்கு அழைப்பது. மானிட்டர் (பேசுபவருக்கு அவர் குரலே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) தேவை என்றால் அதை நேர் எதிரே, மைக்கின் வால் பார்க்கும் திசையில் வையுங்கள். ஹோஸ்ட் ஒரு மைக், காமெடியன் ஒரு மைக் என்று இரண்டு வைத்திருந்தால், பேசாதவரின் மைக்கை மிக்ஸரில் மூடிவிட வேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஹவ்லிங் வராமல் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறையும். மேட்ச் இரவில் அந்த 3 டெசிபல் மிகவும் முக்கியம்.

சில கஃபேகளில் மிக்ஸரே இருக்காது, கரோக்கி ஆம்ப்ளிஃபையர்தான் இருக்கும். அதில் எக்ஸ்.எல்.ஆர். துளை கிடையாது, 6.35 மில்லிமீட்டர் ஜாக் மட்டும். எக்ஸ்.எல்.ஆர்.-ஜாக் கேபிள் போட்டு மாட்டினால் குரல் மெலிந்து வரும், கூடவே ‘ம்ம்’ என்று ஹம் ஓடும். மைக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் பொருத்தும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் போட்டால் சரியாகும். அதைவிட, இரண்டு சானல் உள்ள சின்ன மிக்ஸரை நீங்களே கொண்டுபோவது உத்தமம்.

வயரா, வயர்லெஸ்ஸா? மேட்ச் நாளில் வயர்தான். விலை குறைந்த வயர்லெஸ் செட்டுகளில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். அறையில் 60 போனும் லைவ் ஸ்ட்ரீமைத் தேடும்போது மைக் ‘டொக்... டொக்...’ என்று அறுந்து அறுந்து வரும். 10 மீட்டர் எக்ஸ்.எல்.ஆர். கேபிள் ஒன்று, அதே நீளத்தில் இன்னொன்று உபரியாக. வேறு பாதுகாப்பு தேவையில்லை.

ஷூரின் பீட்டா 58ஏ இன்னும் விலை கூடியது. கொஞ்சம் பலமான ஒலி, இன்னும் குறுகிய முன்வாங்கல். ஆனால் அது சூப்பர் கார்டியாய்டு. அதன் செவிட்டுப் புள்ளிகள் நேர்ப் பின்னால் இல்லாமல் பின்பக்கச் சாய்வில் இரு புறமும் இருக்கின்றன. நேர்ப் பின்னால் கொஞ்சம் கேட்கும். பேண்டுக்கு அது நல்ல மைக். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டமே இரைச்சலாக இருக்கும் இரவில், அந்தக் கூடுதல் பணத்துக்குப் பலன் இல்லை.

மேட்ச்சின் கடிகாரம்

மைக்கால் முடியாத விஷயம் நேரம். ஐ.பி.எல். இரவு ஆட்டம் 7:30க்குத் தொடங்கும், டாஸ் 7 மணிக்கு. ஒரு இன்னிங்ஸுக்கு 90 நிமிடம் என்பது விதி. அதில் இரண்டரை நிமிட ஸ்ட்ரேடஜிக் டைம்-அவுட் இரண்டு. ஃபீல்டிங் அணி 6 முதல் 9ஆவது ஓவருக்குள் ஒன்று எடுக்கும், பேட்டிங் அணி 13 முதல் 16க்குள் ஒன்று. இன்னிங்ஸ் இடைவேளை 20 நிமிடம். முதல் இன்னிங்ஸ் சற்றே இழுத்தாலும் 9:15 வாக்கில் இடைவேளை வந்துவிடும், ஆட்டம் முடிய 11 தாண்டும்.

இதில் ஷோவுக்கு மூன்று இடம் உண்டு. முதலாவது, மாலை 4:30 முதல் 6 வரை. இதுவே பாதுகாப்பானது, 90 நிமிட முழு ஷோ போகும். ஆனால் சனி, ஞாயிறுகளில் 3:30 ஆட்டம் வேறு இருக்கும், அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். அரங்கு அண்ணா சாலை, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் என்றால் சேப்பாக்கம் போகும் கூட்டத்தோடு உங்கள் பார்வையாளர்களும் சிக்குவார்கள். டிக்கெட்டிலேயே ‘அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கவும், வண்டி வேண்டாம்’ என்று போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, திரையிடும் இடத்திலேயே இன்னிங்ஸ் இடைவேளையில் ஒரு செட். 20 நிமிடம் என்பது ஏட்டுக் கணக்கு. கழிவறை, பிரியாணி, சிகரெட் எல்லாம் போக, உட்கார்ந்து கேட்கும் நேரம் 10 முதல் 12 நிமிடம்தான் தேறும். ஹோஸ்ட் 2 நிமிடம், ஒரே ஒரு காமெடியன் 8 நிமிடம். மூன்று பேருக்குத் தலா 4 நிமிடம் பிரிப்பது கெடுதல், மூன்றாமவர் முதல் ஓவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நீண்ட கதை வேண்டாம், சின்னச் சின்னப் பிட் போதும். இங்கே க்ரவுட் வொர்க், அதாவது பார்வையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தே சிரிக்க வைப்பது, நன்றாக எடுபடும், பாதிப் பேர் ஜெர்சியில் இருப்பார்கள், பேச்சுக்கு விஷயம் முதுகிலேயே எழுதியிருக்கும். டி.வி.யை ஊமையாக்க ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதை 9 மணிக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: கட்டணம் வாங்கிக்கொண்டு மேட்சைத் திரையிட ஒளிபரப்பு உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி தேவை. அது அரங்கின் பொறுப்பு என்றாலும், உங்கள் போஸ்டரில் ‘லைவ் மேட்ச்’ என்று போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, மேட்ச் முடிந்த பிறகு. கேட்க நன்றாக இருக்கும், செய்ய முடியாது. மொட்டை மாடி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு இடமில்லை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படி. மூடிய அரங்கென்றாலும் தோற்றவர்கள் கிளம்பியிருப்பார்கள், ஜெயித்தவர்கள் சாலையில் இருப்பார்கள்.

இறுதிப்போட்டி என்றால் கடிகாரத்தை நம்பவே கூடாது. 2023 ஐ.பி.எல். இறுதி மே 28 அன்று அகமதாபாத்தில் நடக்க வேண்டியது. மழையால் 29ஆம் தேதிக்குப் போய், அன்றும் மழை பெய்து, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து முடிக்கையில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. ‘மேட்ச் நாளைத் தவிர்த்துவிட்டோம்’ என்று மறுநாளுக்கு ஷோ வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ரிசர்வ் டே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாளைத் தொட வேண்டும். இதற்கு நேர்மாறாக, 2024 இறுதி சேப்பாக்கத்திலேயே நடந்தது. ஐதராபாத் 113க்குச் சுருண்டது, கொல்கத்தா 10.3 ஓவரில் அடித்து முடித்தது. இடைவேளைக்குப் பிறகு பரபரப்பே இல்லை. அப்படி ஒருதலைப்பட்சமாகப் போகும் ஆட்டத்தில் காமெடிக்குக் கூட்டம் தானாகத் திரும்பும், ஆகவே கையில் இன்னொரு 10 நிமிட செட் தயாராக இருக்கட்டும். மழை இடைவேளைக்கும் அதே செட் உதவும்.

உலகக் கோப்பைக் கால்பந்து வேறு விதம். 45 நிமிடத்துக்குப் பெரிய இடைவெளி கிடையாது, நடுவில் 15 நிமிடம். நாக்-அவுட் என்றால் கூடுதல் நேரமும் பெனால்டியும் சேரலாம். 2022 இறுதி நம் நேரப்படி இரவு 8:30க்குத் தொடங்கியது. 80ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0, அதன்பின் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ‘முடிந்த மாதிரிதான்’ என்று நம்பி 10:15க்கு மேடை ஏறுவது கால்பந்தில் தற்கொலை.

கூச்சல் வந்தால்

எவ்வளவு திட்டமிட்டாலும், ஷோவும் மேட்சும் ஒட்டிப்போகும் இரவுகள் வரும். கூச்சல் எழுந்ததும் பேச்சை நிறுத்துங்கள். மைக்கை இடுப்புக்கு இறக்குங்கள். கெயினை ஏற்றச் சொல்லிச் சைகை காட்டாதீர்கள். முக்கியமாக, ஒரு அலையோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். டி.டி.எச். பார்க்கும் கீழ்க்கடை முதலில் கத்தும், போனில் ஸ்ட்ரீம் பார்ப்பவர் பல நொடி கழித்துத்தான் அதே பந்தைப் பார்ப்பார். உங்கள் அறையின் கூச்சல் இரண்டாவதாக வரும். முதல் கூச்சலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே பஞ்ச் லைனைச் சொல்பவர்தான் அடிபடுகிறார். இரண்டாவது அலை அடங்கியதும், பாதியில் விட்ட ஜோக்கை விட்ட இடத்திலிருந்து பிடிக்காமல் செட்டப்பின் (பஞ்ச் லைனுக்கு முந்தைய பகுதி) கடைசி வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

போனைத் தடுக்க இன்னொரு வழி, ஸ்கோரை மேடையே சொல்லிவிடுவது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறும் இடைவெளியில், ஹோஸ்ட் ஸ்கோர், விக்கெட், தேவைப்படும் ரன் மூன்றையும் சொல்லட்டும். தானாகவே வந்துவிடும் என்று தெரிந்தால் பெரும்பாலோர் போனை எடுப்பதில்லை. கடைசி 5 ஓவரில் ஆட்டம் நெருக்கமாக இருந்தால் மட்டும் விட்டுக்கொடுங்கள். 2024 டி-20 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் என்ற நிலையில், தமிழில் யார் என்ன ஜோக் சொல்லியிருந்தாலும் விழுந்திருக்காது. அந்த நேரத்தில் இடைவேளை விட்டு டீ கொடுப்பது ஷோவுக்கு மரியாதை.

ரீல்ஸுக்காகப் பதிவு செய்பவர்களுக்கு: எஸ்.எம்.58 உங்கள் குரலை மட்டும்தான் சுத்தமாகக் கொடுக்கும். சிரிப்பைப் பிடிக்க அறைக்குத் தனி மைக் வேண்டும். டி.வி. ஓடினால் அந்த அறை மைக்கில் கமென்ட்ரியும் பதியும், வீடியோவை ஏற்றியதும் காப்புரிமைக் கோரிக்கை வர வாய்ப்பு உண்டு. பதிவு முக்கியமென்றால் மேட்ச் இல்லாத நாளைப் பாருங்கள்.

வாங்கும்போது

போலிகள் இந்த மாடலுக்கு அளவில்லாமல் உலவுகின்றன. பெட்டி, ஸ்டிக்கர், பை எல்லாம் அச்சாக இருக்கும். சமையலறைத் தராசில் 298 கிராம் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குக் கிடைத்தால் அது மலிவு இல்லை, போலி. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. பில்லும் வாரன்டியும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். உண்மையான மைக்கில் வலைத்தலைக்கும் உள்ளே ஒலியை மின்னாக மாற்றும் கேட்ரிட்ஜுக்கும் தனியாக உதிரிபாகம் கிடைக்கும், ஆர்.கே.143ஜி, ஆர்59 என்று எண் சொல்லிக் கேட்டால் போதும். கீழே விழுந்து வலை நசுங்கினால் மைக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எட்டுப் பேர் ஒரே மைக்கை உதட்டருகே பிடிக்கும் இரவுக்குப் பிறகு வலைத்தலையைத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சோடு சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் கேட்ரிட்ஜ் கெடும். அடுத்த மேட்ச் மறுநாளே என்றால் இரண்டாவது வலைத்தலை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.